ஆயா முதல் பேத்தி வரை: கீபோர்டைப் பார்க்காமல் டைப் அடிக்க வீட்டிலேயே பழகுவது எப்படி

எங்கள் வீடு வடசென்னையில், தண்டையார்பேட்டையில். மூன்று தலைமுறையும் டைப் அடிக்கிறோம், மூன்று பேரும் கற்றுக்கொண்டது மூன்று விதமாக. அம்மா 1980-களில் டி.எச். ரோட்டுப் பக்கம் ஒரு மாடி இன்ஸ்டிடியூட்டில், காலை ஆறு மணி பேட்சில், ரெமிங்டன் டைப்ரைட்டர் மெஷினில் கற்று, அரசுத் தட்டச்சுத் தேர்வில் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் ஹையர் பாஸ் செய்தவர். நான் பாரிமுனையில் ஒரு டிடிபி (கம்ப்யூட்டரில் அச்சுக்குப் பக்கம் அமைக்கும்) கடைக்கு வேலைக்குப் போய், பாமினி எழுத்துருவில் கல்யாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலியும் அடித்து அடித்துக் கற்றுக்கொண்டேன். என் மகள் ஏழாவது படிக்கிறாள். அவள் கற்றது பள்ளிக்கூட லேபில்.

அந்த லேபைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த வழிகாட்டியை எழுதவே அதுதான் காரணம். வாரத்துக்கு ஒரு பீரியடு, ஒரு கம்ப்யூட்டருக்கு மூன்று பிள்ளைகள். ஒருத்தி அடிப்பாள், ஒருத்தி மவுஸ் பிடிப்பாள், மூன்றாவது பிள்ளை பார்த்துக்கொண்டு நிற்கும். எந்த விரல் எந்த எழுத்துக்கு என்று யாரும் சொல்லித் தரவில்லை. ஒரு வருஷம் முடிந்தபோது என் மகளுக்கு இரண்டு ஆள்காட்டி விரலால் தேடித் தேடிக் குத்துவதில் நல்ல வேகம் வந்திருந்தது, அதுதான் கவலையாக இருந்தது. தப்பான பழக்கத்தில் வேகம் வந்துவிட்டால் அதை மாற்றுவது புதிதாகக் கற்பதைவிடக் கஷ்டம்.

அவளுக்கு வீட்டில் சொல்லிக் கொடுத்தது அம்மா. அந்த இன்ஸ்டிடியூட் ஒழுங்கை அப்படியே எங்கள் ஹாலுக்குக் கொண்டுவந்தார். நாங்கள் செய்ததையும், செய்து பார்த்துக் கைவிட்டதையும் வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில்: யாருக்கு எந்த முறை

ஆங்கிலத்தில் இந்தக் குழப்பமே கிடையாது, மெஷினானாலும் லேப்டாப்பானாலும் ஒரே வரிசைதான். தமிழில் அப்படியில்லை, முக்கியமாக மூன்று வழி புழக்கத்தில் இருக்கிறது.

ஒன்று, பழைய டைப்ரைட்டர் முறை. யாழ்ப்பாணத்தில் பிறந்த ஆர். முத்தையா சிங்கப்பூரில் இருந்துகொண்டு தமிழுக்குத் தட்டச்சு மெஷின் வடிவமைத்தவர். 247 எழுத்தை நாற்பத்துச் சொச்சம் கீயில் அடக்க வேண்டியிருந்தது, அதனால் துணைக்கால், கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனி கீயானது. இந்த முறையில் கண்ணால் பார்க்கிற வரிசையில் அடிக்க வேண்டும். ‘கொ’ அடிக்க முதலில் ஒற்றைக் கொம்பு, பிறகு க, பிறகு துணைக்கால்.

இரண்டாவது தமிழ்99. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டையொட்டி வந்த முறை, தமிழக அரசு ஏற்றுக்கொண்டது. இதில் காதால் கேட்கிற வரிசையில் அடிக்க வேண்டும். ‘கொ’ என்றால் க, அப்புறம் ஒ. முடிந்தது.

மூன்றாவது, ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழாக மாறுகிற முறை. போனில் பெரும்பாலோர் செய்வது இதைத்தான்.

என் முடிவு இது. பிள்ளைகளுக்கு நேராகத் தமிழ்99 சொல்லிக் கொடுங்கள். தமிழ் எழுத ஒரு பிள்ளை ஆங்கில எழுத்தை நினைத்து நினைத்து அடிக்க வேண்டியதில்லை, அதுவும் ன, ண, ந மூன்றுக்கும் ஆங்கிலத்தில் என்ன அடிப்பது என்ற தடுமாற்றத்தில் எழுத்துப்பிழைதான் வளரும். மெஷினில் கற்ற பெரியவர்களை மாறச் சொல்லாதீர்கள், அவர்கள் விரலில் முப்பது நாற்பது வருஷமாக உட்கார்ந்திருக்கிற ஒன்றைப் பிடுங்குவது நியாயமே இல்லை. கம்ப்யூட்டரிலும் டைப்ரைட்டர் முறையை வைத்துக்கொள்ளலாம். அரசுத் தட்டச்சுத் தேர்வு எழுதி டைப்பிஸ்ட் வேலைக்குப் போக நினைக்கிறவர்கள், தேர்வு எந்த முறையில் என்று கேட்டுக்கொண்டு அந்த முறையைக் கற்க வேண்டும். வாட்ஸ்அப்பில் நாலு வரி போட்டால் போதும் என்கிற பெரியவர்கள் மூன்றாவது வழியிலேயே இருக்கலாம், தப்பில்லை.

பாமினி மாதிரிப் பழைய எழுத்துருக்களைப் புதிதாக யாரும் தொடங்காதீர்கள். அதில் ‘தமிழ்’ என்று அடித்த கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் ‘ஜே கே பி ஓ செமிகோலன்’ என்றுதான் தெரியும். கடையில் எத்தனையோ பேர் பென்டிரைவைக் கொடுத்துவிட்டு “இன்னா சார், ஃபைல் கெட்டுப்போச்சா?” என்று பதறி நின்றிருக்கிறார்கள். எல்லாக் கம்ப்யூட்டரும் ஒரே மாதிரி படிக்கிற பொது எழுத்துக் குறியீடான யூனிகோடில் அடித்தால் இந்தப் பிரச்சினை வராது. 2010-ல் தமிழக அரசும் யூனிகோடை ஏற்றுக்கொண்டது.

இடமும் கீபோர்டும்

லேப்டாப்பைக் கட்டிலில் வைத்துக் குனிந்து அடிக்கிற பிள்ளைக்கு விரல் ஒருநாளும் சரியாக விழாது. மேசை நாற்காலி இருந்தால் முழங்கை மேசை உயரத்துக்கு வர வேண்டும், பிள்ளை குள்ளமாக இருந்தால் நாற்காலியில் தலையணை போடுங்கள், கால் தொங்கினால் கீழே ஒரு மனைப்பலகை வையுங்கள். ஹவுசிங் போர்டு வீட்டில் மேசைக்கு ஏது இடம் என்றால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மடியைவிடக் கொஞ்சம் உயரமான ஸ்டூலில் கீபோர்டை வைக்கலாம். நாங்கள் முதல் இரண்டு மாதம் அப்படித்தான் செய்தோம்.

லேப்டாப் இருந்தாலும் தனியாக ஒரு கீபோர்டு வாங்குவது நல்லது. சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட்டில் சாதாரண வயர் கீபோர்டு சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். கம்ப்யூட்டரே இல்லையா, போனில் ஓடிஜி இணைப்பான் செருகி அதே கீபோர்டை மாட்டினால் பெரும்பாலான ஆண்ட்ராய்டு போனில் ஆங்கிலப் பயிற்சிக்கு அது போதும். வாங்கும்போது எஃப், ஜே இரண்டு கீயிலும் சின்ன மேடு தடவினால் தெரிகிறதா என்று பாருங்கள். கண்ணுக்குப் பதில் அந்த இரண்டு மேடுதான் வழிகாட்டும்.

ஆங்கிலத்தில் பத்து நாள்

தமிழ்தான் வேண்டும் என்றாலும் முதல் பத்து நாளை ஆங்கிலத்துக்குக் கொடுங்கள். வரிசைகளும் விரல்களும் பழக இது சுலபமான வழி.

தமிழ்நாட்டில் டைப் கிளாஸ் போன யாரை எழுப்பிக் கேட்டாலும் முதல் பாடத்தைச் சொல்வார்கள்: ஏ எஸ் டி எஃப் ஜி எஃப், செமிகோலன் எல் கே ஜே ஹெச் ஜே. இடது சுண்டுவிரல் ஏ-யில், மோதிர விரல் எஸ்-ஸில், நடுவிரல் டி-யில், ஆள்காட்டி விரல் எஃப்பில். வலது கையில் சுண்டுவிரல் செமிகோலனில் தொடங்கி உள்ளே வரும். ஜி-க்குப் பிறகு ஏன் மறுபடி எஃப் வருகிறது என்று என் மகள் கேட்டாள். அம்மா சொன்ன பதில்: “வெளிய போன வெரலு வூட்டுக்கு வரணும் இல்ல?” பாடத்தின் உயிரே அதுதான். எந்த விரல் எங்கே போனாலும் உடனே தன் இடத்துக்குத் திரும்ப வேண்டும். திரும்பாமல் நின்றுவிட்டால் அடுத்த எழுத்துக்கு அளவு தெரியாது, கண் கீழே இறங்கிவிடும்.

ஒரு நாளைக்கு இருபது நிமிஷம் போதும். முதல் நாள் இந்த ஒரு வரியை ஒரு பக்கம் முழுக்க. வேகம் வேண்டவே வேண்டாம். கடிகாரத்தின் டிக் டிக் போல ஒரே சீராக, எழுத்தை வாயால் மெல்லச் சொல்லிக்கொண்டே. எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரிச் சொன்னால் கேரம் போல: ஸ்ட்ரைக்கரை விரல்தான் சுண்டும், தோள் அசையாது. இதிலும் விரல்தான் வேலை செய்ய வேண்டும், மணிக்கட்டு தளர்வாக நிற்க வேண்டும்.

நான்காம் நாள் மேல்வரிசை, ஏழாம் நாள் கீழ்வரிசை. ஒவ்வொரு விரலும் தனக்கு நேர் மேலேயும் கீழேயும் உள்ளதையே எடுக்கும், ஆள்காட்டி விரல் மட்டும் இரண்டு பத்தியைப் பார்த்துக்கொள்ளும். ஸ்பேஸ்பாருக்குக் கட்டைவிரல். பெரிய எழுத்து வேண்டுமானால் எதிர்க்கையின் சுண்டுவிரலால் ஷிஃப்ட். கேப்ஸ் லாக்கை ஒவ்வொரு எழுத்துக்கும் போட்டுப் போட்டு எடுக்கிற பழக்கத்தை முளையிலேயே நிறுத்துங்கள்.

கண்ணைக் கீழே இறக்காமல் இருப்பது பிள்ளைகளுக்கு மட்டுமில்லை, எல்லோருக்குமே பெரிய பாடு. இரண்டாம் நாளே மகள் திருட்டுத்தனமாகக் கீழே பார்க்க ஆரம்பித்தாள். அம்மா எதுவும் பேசாமல் தோளில் கிடந்த வெள்ளைத் துண்டை எடுத்து அவள் இரண்டு கை மேலும் கீபோர்டு மேலும் போர்த்தினார். உள்ளே விரல்கள் அசைவது துணிக்கு மேலே தெரிந்தது, எலி ஓடுகிற மாதிரி.

“ஆயா, ஒண்ணுமே தெரியல.”

“நீ இன்னாத்துக்கு கீழ பாக்கற? வெரலு பாத்துக்கும், நீ பேப்பரப் பாரு கண்ணு.”

முதல் வரியில் பதினோரு தப்பு. அடுத்த வரியில் எட்டு. அன்றைக்குக் கடைசி வரியில் மூன்று. துண்டு போட்டு நாலு நாள் அடித்த பிறகு அவள் தானாகவே கீழே பார்ப்பதை விட்டுவிட்டாள். நான் இணையத்தில் கிடைக்கிற பயிற்சி விளையாட்டுகளையும் முயன்றேன், அவை வேகத்துக்கு நல்லது, ஆனால் கண்ணைத் திருத்தியது துண்டுதான். பெரியவர்களுக்கு இன்னொரு வழி, கீ மேல் சின்னச் சின்னதாகக் காகிதம் ஒட்டி எழுத்தை மறைத்துவிடுவது.

தப்பு அடித்தால் பேக்ஸ்பேஸ் போட விடாதீர்கள், முதல் மாதம் முழுக்க. மெஷினில் இப்படிச் சுலபமாக அழிக்க வழியில்லை, அதனால்தான் அந்தக் காலத்து ஆட்கள் தப்பில்லாமல் அடித்தார்கள். தப்பு அப்படியே இருக்கட்டும், பக்கம் முடிந்ததும் சிவப்பு மையில் வட்டம் போட்டு எந்த விரல் அடிக்கடி தவறுகிறது என்று எண்ணிப் பாருங்கள். என் மகளுக்கு இடது மோதிர விரல். மறுநாள் அந்த விரலுக்கு மட்டும் ஐந்து நிமிஷம் கூடுதலாகக் கொடுத்தோம்.

தமிழ்99: மூன்று வாரம்

விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ், அதில் டைம் அண்ட் லாங்குவேஜ், அதற்குள் லாங்குவேஜ் அண்ட் ரீஜன் போய்த் தமிழைச் சேருங்கள். பிறகு தமிழுக்குப் பக்கத்திலுள்ள மூன்று புள்ளியைத் தட்டி, கீபோர்டு பட்டியலில் தமிழ் 99 எடுத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் கீயையும் ஸ்பேஸ்பாரையும் சேர்த்து அழுத்தினால் மொழி மாறும். மேக்கிலும் லினக்ஸிலும் தமிழ்99 உண்டு, போனில் செல்லினம் செயலியில் உண்டு. போட்டதும் ஒரு சோதனை: ப, க, க, ம, புள்ளி என்று அடித்தால் ‘பக்கம்’ என்று வர வேண்டும். முதல் க-வுக்குத் தானாகப் புள்ளி விழவில்லை என்றால் அது அரைகுறை அமைப்பு, இ-கலப்பை அல்லது முரசு அஞ்சல் என்கிற தமிழ் டைப்பிங் மென்பொருளைப் போட்டுப் பாருங்கள்.

தானாகப் புள்ளி விழுவதுதான் தமிழ்99-ன் அழகு. ஒரே மெய் இரண்டு முறை வந்தால் முதலாவதற்குப் புள்ளி தானே விழும். ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற என்ற ஆறு இணைக்கும் அப்படியே. வண்ணாரப்பேட்டை என்று அடித்துப் பாருங்கள்: வ, ண, ண, ஆ, ர, ப, ப, ஏ, ட, ட, ஐ. பதினோரு தட்டு. அந்தச் சொல்லில் மூன்று புள்ளி இருக்கிறது, ஒன்றைக்கூட நாம் அடிக்கவில்லை. அதையே டைப்ரைட்டர் முறையில் கொம்பும் காலும் புள்ளியும் தனித்தனியாக அடித்தால் பதினான்கு. வவுனியா மாதிரிச் சொல்லில் புள்ளி விழக்கூடாது என்றால் இரண்டு வ-வுக்கும் நடுவில் ஒரு அ அடிக்க வேண்டும்.

இடது கைக்கு உயிர், வலது கைக்குப் பெரும்பாலான மெய். நடுவரிசையில் இடது கையில் அ, இ, உ, புள்ளி, எ. வலது கையில் க, ப, ம, த, ந, ய. குறிலுக்கு நேர் மேலே அதன் நெடில் இருக்கிறது: அ-வுக்கு மேல் ஆ, இ-க்கு மேல் ஈ, உ-வுக்கு மேல் ஊ, எ-வுக்கு மேல் ஏ. ஒ, ஓ, ஔ மூன்றும் கீழ்வரிசையில். பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் ஒரே நாளில் உயிரெழுத்து முடிந்துவிடும்.

முதல் வாரம் நடுவரிசை மட்டும். நடுவரிசையை விட்டு விரல் நகராமலே எவ்வளவு சொல் அடிக்கலாம் தெரியுமா? உப்பு, கம்பு, நெய், கத்தி, பந்து, பத்து, தம்பி, நகம், பகுதி, அம்மி. ‘இந்த நெய் புது நெய்’ என்று வாக்கியமே அடிக்கலாம். இந்தச் சொற்களை வாரம் முழுக்க அடியுங்கள்.

இரண்டாம் வாரம் மேல்வரிசை. வலது பக்கம் ள, ற, ன, ட, ண, ச, ஞ. இங்கே ஒரு சிரமம் வரும், முன்கூட்டியே சொல்கிறேன்: ந, ய, ண, ச, ஞ, ழ ஆறும் வலது சுண்டுவிரலின் தலையில் விழுகிறது. இருப்பதிலேயே பலமில்லாத விரல் அது. பிள்ளைகள் சத்தமில்லாமல் மோதிர விரலால் ச-வை எடுக்கப் பார்ப்பார்கள், பக்கத்தில் உட்கார்ந்திருந்தால்தான் கண்ணில் படும். ‘நண்பன்’, ‘பஞ்சு’, ‘சாயம்’ மாதிரிச் சொற்களை மெதுவாக, தினமும் பத்து தடவை.

மூன்றாம் வாரம் கீழ்வரிசை: வ, ங, ல, ர, ழ. இனி எழுத்தெல்லாம் வந்துவிட்டது, ஊர்ப்பெயரில் இறங்குங்கள். ராயபுரம், காசிமேடு, எண்ணூர், மணலி, கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர், வியாசர்பாடி, மூலக்கொத்தளம். பஸ் போர்டில் தினம் பார்க்கிற பெயரை அடிக்கும்போது பிள்ளைக்கு வருகிற உற்சாகம் பயிற்சிப் புத்தகத்தில் வருவதில்லை. கிரந்த எழுத்து ஸ, ஷ, ஜ, ஹ எல்லாம் ஷிஃப்ட் போட்டு மேல்வரிசையில், அதற்குத் தனியாக வாரம் வேண்டாம்.

மெஷினில் கற்ற பெரியவர்கள் கம்ப்யூட்டருக்கு வரும்போது

இதை யாரும் எழுதி நான் பார்த்ததில்லை, அதனால் கொஞ்சம் விரிவாக. கோத்ரெஜ் 1955-ல் இந்தியாவில் தயாரிக்கத் தொடங்கிய டைப்ரைட்டர் 2009 வாக்கில் நின்றுபோனது, ஆனால் அதில் பழகிய விரல்கள் நம் வீடுகளில் இன்னும் இருக்கின்றன. அவர்களுக்குக் கற்றுக்கொள்ள வேண்டியது குறைவு, விட வேண்டிய பழக்கம் சிலது இருக்கிறது.

பழைய ஆங்கில மெஷின் பலவற்றில் 1 என்ற எண்ணே கிடையாது, சின்ன எல் எழுத்தைத்தான் ஒன்றாக அடிப்பார்கள். அம்மா ஒரு ஆன்லைன் படிவத்தில் போன் நம்பர் அடித்து மூன்று முறை ‘தவறான எண்’ என்று வந்தது. நம்பரை வாய்விட்டுப் படித்தால் சரியாகத்தான் இருந்தது. கிட்டே போய்ப் பார்த்தபோதுதான் இரண்டு இடத்தில் எண்ணுக்குப் பதில் எல் இருந்தது தெரிந்தது. உங்கள் வீட்டிலும் இப்படி வந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

அடுத்தது, ஒவ்வொரு வரி முடிவிலும் என்டர். மெஷினில் மணி அடித்ததும் இடது கையால் லிவரைத் தள்ளிய பழக்கம். இதனால் பிறகு எழுத்தளவை மாற்றும்போது வரி எல்லாம் உடைந்து தாறுமாறாகும். பத்தி முடிந்தால் மட்டும் என்டர் என்று ஒரு சீட்டில் எழுதித் திரைக்குக் கீழே ஒட்டினோம், இரண்டு வாரத்தில் சரியானது. பிறகு, அடிக்கிற பலம். மெஷினில் கார்பன் வைத்து மூன்று காப்பி விழ வேண்டும், அதனால் ஓங்கி அடித்தார்கள். கீபோர்டுக்கு விரல் பட்டாலே போதும், ஓங்கி அடித்தால் விரல் மூட்டுதான் வலிக்கும், கீயை அழுத்தியே வைத்திருந்தால் ஒரே எழுத்து நாலு தடவை விழும். அம்மாவுக்கு இது போக ஒரு மாதம் ஆனது.

தேர்வு எழுதுகிறவர்களுக்கு

அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் இளநிலை, அதாவது லோயர், நிமிஷத்துக்கு 30 சொல். முதுநிலை, ஹையர், 45 சொல். ஐந்து தட்டு ஒரு சொல் என்று கணக்கு, ஆக ஸ்பீடு பேப்பரில் பத்து நிமிஷத்துக்கு லோயருக்கு 1500 தட்டு, ஹையருக்கு 2250. டிஎன்பிஎஸ்சி குரூப் 4-ல் டைப்பிஸ்ட் பணிக்கு இந்தச் சான்றிதழ் கேட்பார்கள். இதற்கு வீட்டுப் பயிற்சி மட்டும் போதாது, இன்ஸ்டிடியூட்டில் சேருங்கள். எந்தக் கருவியில் தேர்வு, அதே கருவியில் தினம் ஒரு மணி நேரம் கிடைக்குமா என்று பணம் கட்டும் முன்பே கேளுங்கள். வீட்டில் தமிழ்99 பழகிய பிள்ளை டைப்ரைட்டர் முறைக்குப் போனால் விரல் இடம் வீண்போகாது, எழுத்து இடம் மட்டும் புதிதாகக் கற்க வேண்டும். இரண்டையும் ஒரே மாதத்தில் கலந்து பழகாதீர்கள், இரண்டும் கெடும்.

இருபது நிமிஷம் தாண்டினால்

விரல் வலித்தாலோ மணிக்கட்டு இறுகினாலோ அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். எட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையை இதில் உட்கார வைக்க வேண்டாம் என்பது என் எண்ணம், கை எட்டாது, தப்பான நீட்டல் பழகும். தினம் இருபது நிமிஷம் என்பதை ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி இருபது நிமிஷமாகச் சேர்த்து வைத்துச் செய்யாதீர்கள்.

ஞாயிறு எங்கள் வீட்டில் வேறு வேலை. அம்மா தினத்தந்தியிலிருந்து ஒரு செய்தியைச் சத்தமாக வாசிப்பார், மகள் கேட்டுக் கேட்டு அடிப்பாள், பத்து நிமிஷம், போனில் டைமர் வைத்து. அப்புறம் இடம் மாறி உட்கார்ந்து மகள் வாசிக்க அம்மா அடிப்பார். இருவர் தாளையும் பிரிண்ட் எடுத்து, ஒருவர் தாளை மற்றவர் திருத்துவார்கள். போன வாரம் அம்மா தாளில் மூன்று வட்டம், மகள் தாளில் ஏழு. மூன்றில் ஒன்று ‘ளை’-யா ‘லை’-யா என்று இருவரும் சண்டை போட்டு, அகராதி எடுத்துப் பார்த்து, அம்மா அடித்ததுதான் சரி என்று அந்த வட்டத்தை மகளே கோடு போட்டு நீக்கினாள்.